தொண்டை மஞ்சள் என்று சொன்னவருக்கு

புதிய பல்லி இனத்தை விவரிக்கும் எங்கள் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. நேற்றிரவிலிருந்து எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று தெரியவில்லை. பொதிகை மலையின் நம் பகல்பல்லிக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. இடையில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுத மனமில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணனுக்கு. இங்கே பெயர் வேண்டாம் என்றார். கட்டுரையில் முறைப்படி இருக்கிறது.

உயிரோடு இருக்கும்போதான நிறத்தைக் காட்டும் படம் எங்களிடம் இல்லை; மிஞ்சியவை, கெடாமலிருக்க எத்தனால் குப்பிகளில் போட்டு வைத்த மாதிரிகள் மட்டும்தான். செதில்களை எண்ணலாம், ஆணின் தொடைத் துளைகளை எண்ணலாம், டி.என்.ஏ. எடுக்கலாம். நிறம் போனது போனதுதான். குப்பிக்குள் கிடந்தால் கொஞ்ச நாளில் எல்லாம் ஒரே பழுப்பு. இந்தப் பல்லி சேர்ந்த நெமாஸ்பிஸ் பேரினத்தில் ஆணின் தொண்டை நிறம் முக்கியமான அடையாளம். அதை எழுதாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அண்ணனிடம் போனில் புலம்பினேன், அவ்வளவுதான். நான் எதுவும் கேட்கவில்லை. நாலாம் நாள் சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு வந்து 11 படங்கள் அனுப்பினார். தன் விடுப்பு நாளில், மழையில், அட்டைக் கடியோடு அந்தப் பாறைக்கு ஏறியிருக்கிறார். "தொடவே இல்ல தம்பி. அதா வெளிய வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். தொண்டை மஞ்சள், பாத்துக்கோங்க." பாறை இடுக்கில் தலைகீழாக ஆண் பல்லி, வட்டமான கண்மணிகூடத் தெளிவாகத் தெரிந்தது. கடைசிப் படத்தில், 3 ஆண்டுகளாக நாங்கள் காணாத ஒன்று: பாறையின் அடியில் ஒட்டியிருந்த இரண்டு வெள்ளை முட்டைகள். அன்று நான் அழுதேன்.

அனுமதிக் கடிதத்துக்காக அலைந்த வனத்துறை நண்பர்கள், 1870இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் பெட்டோம் விவரித்த பல்லி இனங்களின் மூல மாதிரிகளை (இனப் பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்படுபவை) அளந்து அனுப்பிய அருங்காட்சியகத்தார், ராத்திரியெல்லாம் வரைபடம் போட்ட ஆய்வகத் தோழர்கள், அப்புறம் அம்மா: எல்லோருக்கும் நன்றி.

இந்த மலைகளில் அலைந்த பெட்டோமும் வனத்துறைக்காரர்தான். அவருக்கும் யாரோ ஒருவர் பாறையைக் காட்டித்தான் இருப்பார். அந்த யாரோ யார் என்று இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். இனி நான் எழுதும் எந்த இன விளக்கத்திலும் காடு காட்டியவர் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராக இருப்பார். பாறை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். பிடித்து விற்க ஆள் இருக்கிறது.

அண்ணே, ஆடி கழிந்ததும் அச்சுப் பிரதியோடு வருகிறேன். நிறம் பற்றிய பத்தியைத் தமிழில் எழுதி எடுத்து வருகிறேன். தப்பிருந்தால் சொல்லுங்கள்.