பேஸ் நடுவர் எங்கே நிற்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி, கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டங்களில், பந்தை அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் (தளத்தில்) அவர் கால் முந்தியதா, எறிந்த பந்து முந்தியதா, அதாவது சேஃபா, அவுட்டா என்று தகராறு கிளம்பினால் நடுவரின் கண்ணைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அவர் நின்ற இடத்தில்தான். பேஸை ஒட்டி நின்றால் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை நம் நடுவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கோணம். தூரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பேஸ்களில் ஓட்டக்காரர் இல்லாதபோது, அங்கே தீர்ப்புச் சொல்லும் பேஸ் நடுவர் முதல் பேஸுக்கு ஏறத்தாழ 18 அடி பின்னால், ஃபவுல் கோட்டுக்கு (ஆட்டப் பரப்பின் பக்க எல்லைக்கு) சற்று வெளியே நிற்பார். ஷார்ட்ஸ்டாப்போ (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) மூன்றாவது பேஸ்காரரோ (அந்தப் பேஸைக் காப்பவர்) பந்தை எடுத்தால், கோட்டைத் தாண்டிச் சில அடி உள்ளே வந்து, எறி வரும் வழிக்கு 90 டிகிரியில், பேஸிலிருந்து 15 முதல் 18 அடியில் நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே தீர்ப்புச் சொன்னால் காட்சி குலுங்கும். எறியின் நேர்க்கோட்டில் நிற்பவருக்கோ பந்து கையுறைக்குள் போய்விட்டதா, இன்னும் ஓரடி முன்னால் வருகிறதா என்பதே புரியாது. எட்டிப் பிடிக்கும்போது முதல் பேஸ்காரரின் கால் பேஸை விட்டு எழும்புவதும் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கே தெரியும்.

எறி நேராக வருகிறது என்று உறுதியானதும் பார்வையைப் பேஸுக்குத் திருப்பி, கால் படுவதைக் கண்ணாலும், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதாலும் பிடிக்க வேண்டும். முதல் பேஸில் இரு நிறப் பகுதிகள் கொண்ட இரட்டை பேஸ் போட்டிருந்தால் ஃபவுல் பக்கத்து ஆரஞ்சுப் பகுதி அடித்து ஓடிவருபவருக்கு, வெள்ளைப் பகுதி ஃபீல்டருக்கு. யார் எதை மிதித்தார் என்பதையும் இதே பார்வையில் பார்த்தாக வேண்டும். மிக நெருங்கி நிற்பவருக்கு அது முடியாது.

இரண்டாவது பேஸ்காரரிடமிருந்து எறி வந்தால் மட்டும் உள்ளே நுழையாமல் ஃபவுல் பக்கமே நிற்பது நல்லது. பந்து அவுட்ஃபீல்டுக்குப் போனால் கதையே வேறு: வைரத்துக்குள் (பேஸ்களுக்கு நடுவே உள்ள சதுரத்துக்குள்) ஓடிவந்து, திரும்பி, ஓட்டக்காரர் முதல் பேஸைத் தொட்டதைப் பார்த்துவிட்டு, அவருக்கு முன்பாக இரண்டாவது பேஸ் பக்கம் நகர வேண்டும்.

டேக் ஆட்டத்துக்கு, அதாவது ஃபீல்டர் பந்தோடு ஓட்டக்காரரைத் தொட்டு அவுட்டாக்கும்போது, 10 முதல் 12 அடி வரை நெருங்கலாம். அங்கே 90 டிகிரி என்பது ஓட்டக்காரர் வரும் வழிக்கு. இதில் அதிகம் நடக்கும் தவறு அவசரம். டேக் பட்டதுமே அவுட் என்று நடுவரின் முஷ்டி உயர்ந்துவிடுகிறது, அடுத்த நொடி பந்து மண்ணில் உருள்கிறது. ஃபீல்டரின் பிடி உறுதியானதைக் கண்ட பிறகே கை எழ வேண்டும்.

முதல் பேஸில் ஓட்டக்காரர் இருந்தால் நடுவரின் இடம் முதல், இரண்டாவது பேஸ்களுக்கு நடுவே, ஃபீல்டருக்கு வழிவிட்டுப் பின்னால். வேகப்பந்து (ஃபாஸ்ட்பிட்ச்) ஆட்டத்தில் பிட்சரின் (பந்து வீசுபவரின்) கையை விட்டுப் பந்து போகும் முன் ஓட்டக்காரர் பேஸை விட்டால் அவுட். ஆகவே பிட்சரின் கையும் ஓட்டக்காரரின் காலும் ஒரே பார்வையில் விழும்படி நிற்க வேண்டும். இந்த அவுட் நம் ஆட்டங்களில் கேட்பாரற்றுப் போய்க்கொண்டிருக்கிறது.

போட்டி தொடங்கும் முன் நடக்கும் நடுவர் கூட்டத்தில் விதிகளைப் படிப்பதோடு சரி. அதில் அரை மணி நேரத்தை மைதானத்துக்கு மாற்றுங்கள் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஷார்ட்ஸ்டாப், முதல் பேஸ்காரர், ஓட ஒருவர் என மூன்று மாணவிகளை நிறுத்தி, ஒவ்வொரு நடுவரும் முதல் பேஸில் இருபது எறிகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும். எறிக்கு நேராகப் பத்து, 90 டிகிரியில் பத்து.

இப்படிக்கு,
சாஃப்ட்பால் நடுவர் ஒருவர், மதுரை