செயலாளர் ஆண்டறிக்கை: 1951 டான்ஸ் (Dons) கால்பந்து அணியைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு பழைய விளையாட்டுப் பருவத்தை எடுத்துப் படித்துப் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இந்த முறை எடுத்தது நம் ஊர் அணியே: சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951 அமெரிக்கக் கால்பந்து அணியான டான்ஸ். கூட்டங்கள் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அதனால் படித்த விஷயத்துக்கே வருகிறேன்.

ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் ஜெயித்த அணி அது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச். நியூயார்க்கில் ஃபோர்டாம் அணியோடு நடந்த ஆட்டம்தான் நம் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது. எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடி, ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்துப் புள்ளி எடுப்பது) போட்டார் ஓலி மேட்சன். 32–26 என்று தப்பிப் பிழைத்த வெற்றி. ஸ்டாக்டனில் பசிபிக் கல்லூரியை 47–14 என்று வென்றார்கள். பசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில் லயோலாவை 20–2 என்று வென்று பருவத்தை முடித்தார்கள். அந்தப் பருவத்தில் மேட்சன் பந்தோடு ஓடிய தூரம் 1,566 கெஜம். நாட்டிலேயே அதுதான் முதலிடம்.

அப்புறம் நடந்ததைத்தான் ஆறப்போட முடியவில்லை. புத்தாண்டை ஒட்டி நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு நல்ல அணிகளை அழைப்பார்கள். டான்ஸ் அணியை யாரும் அழைக்கவில்லை. எளிய எதிரணிகளோடு ஆடிய அணி என்று அப்போது காரணம் சொன்னார்கள். மேட்சனும் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு கிடைக்கும் என்ற பேச்சு எழுந்ததாகவும், அணி அதற்கு இணங்கவில்லை என்றும் வீரர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் வீரர்கள் பக்கம்தான். நியூ ஆர்லியன்ஸின் சுகர் பவுலில் முதல் கறுப்பின வீரராக பாபி கிரியர் களம் இறங்கியதே 1956-இல். அதற்கும் ஜார்ஜியா ஆளுநர் மறித்து நின்றார். கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த தெற்கு மாநிலங்களின் வழக்கம் அப்படி இருக்கும்போது, அட்டவணை எளிது என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை.

பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் கணக்கு ஏற்கெனவே நஷ்டத்தில் இருந்தது. பவுல் பணம் வந்திருந்தால் கை கொடுத்திருக்கும். அது வரவில்லை, அந்தப் பருவத்தோடு அணியையே கலைத்துவிட்டார்கள். அணி வீரர் பாப் செயின்ட் கிளேர் மீதிப் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் டல்சா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அவரும் மேட்சனும் ஜினோ மார்செட்டியும் பிறகு தொழில்முறைக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் இடம் பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர்! அணியின் செய்தித் தொடர்பைப் பார்த்துக்கொண்ட பீட் ரோசெல் 1960-இல் என்எஃப்எல் என்ற தொழில்முறைக் கால்பந்து லீக்கின் ஆணையரானார்.

எல்லாரையும்விட டோலரைப் பற்றித்தான் நம் இளைய உறுப்பினர்கள் அதிகம் கேட்டார்கள். முழங்கால் காயத்தால் தொழில்முறை வீரராகும் வாய்ப்பு அவருக்குப் போயிற்று. நம் ஊரிலேயே ஆசிரியராகி, பள்ளி முதல்வராகவும் உயர்ந்தார். 1965-இல் என்எஃப்எல்லின் முதல் கறுப்பின நடுவரானார். 1980-இல் அந்த லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்திலும் நடுவராக நின்றார். 2017-இல் பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சரியான மரியாதை.

சங்கத்தின் சார்பில் கேசர் மைதானத்துக்கும் போய்வந்தோம். டான்ஸ் அணி விளையாடிய பழைய அரங்கத்தை 1989-இல் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது சிறிய அரங்கம். அதன் களத்துக்கு செயின்ட் கிளேரின் பெயர். வண்டி ஏற்பாடு செய்த உறுப்பினர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். 1951 அணியின் பட்டியலில் மேட்சன், டோலரைத் தாண்டி மற்றவர்கள் பெயர் நமக்கே சரியாகத் தெரியவில்லை. இணங்க மறுத்தது முழு அணி. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வீரரைப் பற்றி ஓர் உறுப்பினர் பேச வேண்டும் என்று தீர்மானம் முன்மொழிகிறேன். பேச விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்