பீர் செய்முறையை 0.42ஆல் பெருக்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வார இறுதிப் பக்கத்தில் வந்த பேல் ஏல் பீர் செய்முறையில் பிழை இல்லை. ஆனால் அது 19 லிட்டருக்கானது. மூன்று பெரிய கொள்கலன்கள், செப்புக் குளிர்விப்புச் சுருள், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் குளிர்பெட்டி எல்லாம் வைத்திருப்பவருக்காக எழுதப்பட்டது. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பெரும்பாலும் 15 லிட்டர் பாத்திரம் ஒன்றுதான் இருக்கும். அதையும் ஒரு நைலான் வலைப்பையையும் வைத்தே 8 லிட்டர் நல்ல பீர் செய்யலாம். 8 லிட்டர் போலச் சிறிய அளவில் செய்வோர் எல்லாவற்றையும் 0.42ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்று கடைசியில் சொல்லியிருந்ததுதான் இடறுகிறது. சில பொருள்கள் அந்தக் கணக்குக்கு அடங்கும், சில அடங்கவே அடங்கா.

முதலில் தானியம், அதாவது முளைவிடச் செய்து உலர்த்திய பார்லியான மால்ட். செய்முறையில் 4.2 கிலோ பேல் மால்ட், 300 கிராம் கிரிஸ்டல் மால்ட். 0.42ஆல் பெருக்கினால் மொத்தம் 1.9 கிலோ வரும். தானியத்தில் எடுக்கக்கூடிய சர்க்கரையில் 75 விழுக்காடு கிடைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. மால்ட்டைப் பையில் போட்டு வெந்நீரில் ஊறவைத்துப் பிழியும்போது 68 விழுக்காட்டை எதிர்பார்ப்பதே பத்திரம். அதனால் பத்தில் ஒரு பங்கு கூட்டி 1.96 கிலோ பேல், 140 கிராம் கிரிஸ்டல் என 2.1 கிலோ எடுக்கவேண்டும். கூட்டாவிட்டால் தொடக்க அடர்த்தி (நொதிக்குமுன் சாற்றின் அடர்த்தி, தண்ணீருக்கு 1.000) 1.050க்குப் பதில் 1.045 அளவில் நின்று பீர் நீர்த்துப்போகும். மால்ட்டைக் கடையிலேயே உடைத்து வாங்குவது நல்லது. மிக்சியில்தான் உடைக்கவேண்டும் என்றால் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு இரண்டு மூன்று விநாடி மட்டும் ஓட்டுங்கள். ஒரு தானியமணி மூன்று நான்கு துண்டானால் போதும். மாவாக்கிவிட்டால் பை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். பலரும் தவறுவது இங்கேதான். கொதிக்கும்போது ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தையும் தீயின் வேகத்தையும் பொறுத்தது. உள்ளே 20 லிட்டர் இருக்கிறதா 10 லிட்டர் இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு எவ்வளவு குறைகிறது என்று ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். 2.5 லிட்டர் குறைகிறது என்றால் கணக்கு இப்படி: கொதித்து முடியும்போது 8.7 லிட்டர் வேண்டும் (கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் கசடோடு 0.7 லிட்டர் போய்விடும்), ஆவிக்கு 2.5, பிழிந்த பிறகும் தானியம் பிடித்துவைப்பது 1.5. ஆக 12.7 லிட்டர். இதில் 9 லிட்டரை ஊறவைக்கவும், மீதி 3.7 லிட்டரை 75 டிகிரிக்குச் சூடாக்கி இன்னொரு வாளியில் பையை அலசவும் வைத்துக்கொள்ளலாம். நம் குழாய்நீரில் குளோராமின் என்ற கிருமிநாசினி உண்டு, கொதிக்கவைத்தால் எளிதில் போகாது. மால்ட்டின் பீனால்களோடு அது சேர்ந்தால் பீரில் மருந்து வாடை அடிக்கும். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஒரு சிட்டிகை முன்கூட்டியே கலந்துவிட்டால் தீர்ந்தது.

மால்ட்டைப் போடும்போது தண்ணீர் 74 டிகிரி இருக்கவேண்டும் என்ற குறிப்பை அப்படியே பின்பற்றவேண்டாம். குளிர்நாட்டில் தானியம் 18 டிகிரியில் இருக்கும், ஒரு கிலோவுக்கு 2.7 லிட்டர் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். இங்கே தானியமே 29 டிகிரி, தண்ணீரும் கிலோவுக்கு 4.3 லிட்டர். 74இல் போட்டால் கலவை 70 டிகிரியில் நிற்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட்டால் உண்ண முடியாத சர்க்கரைகள் கூடுதலாக உருவாகி, நொதித்து அடர்த்தி 1.011க்கு இறங்கவேண்டிய பீர் 1.016லேயே நின்று தித்திக்கும். 71 டிகிரியில் போட்டால் 67 கிடைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கனத்த துண்டுகளால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். சிறிய அளவு சீக்கிரம் ஆறும். இடையில் தீ மூட்ட நேர்ந்தால் பைக்கு அடியில் ஓர் இட்லித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள், இல்லையேல் பை உருகி ஒட்டிக்கொள்ளும்.

பையை எடுத்தபின் சாற்றில் போட்டுக் கொதிக்கவிடும் ஹாப்ஸ் 0.42 கணக்குக்கு அடங்கும். கசப்புக்கான 20 கிராம் மேக்னம் வகை ஹாப்ஸ் 8.4 கிராமாகிறது. ஆனால் சமையலறைத் தராசு இவ்வளவு சிறிய எடையில் 2 கிராம் வரை தவறக்கூடும். அது கசப்பில் கால்வாசி. 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு வாங்கிக்கொள்வது மேல். மூடியை முழுதாக மூடிக் கொதிக்கவிடாதீர்கள், வேகவைத்த சோளத்தின் வாடை வெளியேறாமல் தங்கிவிடும்.

சுருள் இல்லாமல் ஆறவைக்க, பாத்திரத்தை மூடி சிங்க்கில் வைத்துத் தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். 40 டிகிரிக்கு வந்தபின் சிங்க் தண்ணீரில் 3, 4 கிலோ பனிக்கட்டி. முதலிலேயே பனிக்கட்டி போடுவது காசைக் கரைப்பது. ஆறத் தாமதமாகும்போது ஹாப்ஸிலிருந்து கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே கொதி முடிய 10 நிமிடத்துக்கு முன் போடச் சொன்ன மணத்துக்கான ஹாப்ஸை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள்.

நொதித்தலில்தான் நம் வெப்பம் பெரிய எதிரி. சாதாரண ஏல் ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் வேலை செய்யவேண்டியது. 30 டிகிரி அறையில் விட்டால், நொதித்தலின் சொந்தச் சூடும் சேர்ந்து நெடியடிக்கும் கனமான ஆல்கஹால்கள் உண்டாகும். உறைந்த தண்ணீர்ப் போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றி வைத்துப் போராடலாம்தான். அதைவிட, சூட்டைத் தாங்கும் நார்வேயின் வோஸ் குவெய்க் ஈஸ்ட்டை வாங்கி, ஈஸ்ட் ஊட்டச்சத்து சிறிது சேர்த்து, 35 டிகிரி வாக்கில் விட்டுவிடலாம் என்பதே எங்கள் பரிந்துரை. அப்படிச் செய்தால் பனிக்கட்டி வேலையும் பாதி மிச்சம்.

அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிட்டது. 30 டிகிரியில் பார்த்தால் 0.002 கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளவு மாறாமல் இருந்தால்தான் போத்தலில் அடைக்கலாம், இல்லையேல் கண்ணாடி வெடிக்கும். போத்தலில் வாயு உண்டாக 8 லிட்டருக்குச் சர்க்கரை 52 கிராம். சூடான பீரில் கரியமிலவாயு குறைவாகத் தங்குவதால் குளிர்நாட்டு அளவைவிட இது சற்று அதிகம்.

சுங்கத்துறை விதிப்படி 18 வயது நிரம்பியோர் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம். விற்கவோ, காய்ச்சி வடிக்கவோ கூடாது. உங்கள் கட்டுரையில் இது விடுபட்டிருந்தது.

இனி இத்தகைய செய்முறைகளை வெளியிடும்போது ஒரு மணி நேர ஆவியிழப்பு, சர்க்கரை கிடைக்கும் விழுக்காடு, தானியத்தின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டில் பீர் செய்யும் வாசகர்கள் சிலர்,
சிங்கப்பூர்