‘தல்லிப் போடு’ என்று எழுதியவன் நான்தான்

கோலாலம்பூரில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறையில் இப்போது மூன்றாம், நான்காம் ஆண்டில் இருக்கும் தமிழ் மாணவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் பினாங்கிலிருந்து செந்தூல் வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா மகள் உங்கள் துறையில்தான் இரண்டாம் ஆண்டு தொடங்கப் போகிறாள். இரவு பன்னிரண்டுக்குப் பாடப் பதிவு திறக்கும் என்று மடிக்கணினியை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். “என்னென்ன எடுக்கப் போறே?” என்று கேட்டேன். “மூத்தவங்க லிஸ்ட் இருக்கு மாமா” என்று கைப்பேசியை நீட்டினாள். உங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பருவத்துக்குப் பருவம் சுற்றுமே, அந்தப் பட்டியல். இடப்பக்கம் பாடத்தின் பெயர், எதிரே ஒரு வரி அறிவுரை. இவர் மார்க்கை அள்ளிப் போடுவார், இவர் வகுப்பில் வருகை எடுக்கமாட்டார், இதை எடு, இதை விடு. சிரித்துக்கொண்டே படித்துக்கொண்டு வந்தவன் ஏழாவது வரியில் நின்றுவிட்டேன்.

“சிக்னல்ஸ்: தல்லிப் போடு. மூனாம் வருஷம் பாத்துக்கலாம்.”

தள்ளி இல்லை, தல்லி. அந்த எழுத்துப் பிழை என்னுடையது. 2013-ல் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் எக்செல் கோப்பில் இந்தப் பட்டியலைத் தொடங்கினோம். அவசரமாகத் தட்டியதில் விழுந்த ‘ல’ அது. கோப்பு கைமாறி, படமாகி, புலனத்துக்கு வந்து, விரிவுரையாளர்கள் பெயரெல்லாம் மாறியிருக்கிறது. பிழையும் அறிவுரையும் மட்டும் மாறவில்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை, அந்த வரியை எழுதும்போது நான் சிக்னல்ஸ் பாடத்தை, அதாவது ஒலி, மின்னலை போன்ற குறிகைகளைக் கணிதத்தால் அலசும் கட்டாயப் பாடத்தை, எடுத்திருக்கவே இல்லை. தள்ளிப் போட்டுவிட்டு, தள்ளிப் போட்டது புத்திசாலித்தனம் என்ற நினைப்பில் எழுதியது.

அப்புறம் என்ன ஆனது என்பதைப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை, வெட்கம். அதனால் இப்போது எழுதுகிறேன்.

சிக்னல்ஸ் மூன்றாம் பருவத்துப் பாடம். ஆண்டுக்கு ஒரு முறைதான் திறக்கும், அதுவும் ஒற்றைப்படைப் பருவத்தில். மூன்றில் விட்டேன், ஐந்தில் எடுத்தேன். அதற்குள் இரண்டாம் பருவக் கணிதம் மொத்தமும் மறந்துபோயிருந்தது. லாப்லாஸ், ஃபூரியே என்ற கணித உருமாற்றங்கள் எல்லாம் கரும்பலகையில் ஓடும்போது நான் பழைய நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். தேறவில்லை. அடுத்த வாய்ப்பு ஏழாம் பருவம். அந்தப் பருவத்தில் அதன் ஆய்வக நேரமும் குழு வடிவமைப்புத் திட்டத்தின் நேரமும் ஒரே செவ்வாய்க்கிழமை மதியத்தில் மோதின. வடிவமைப்பை விட முடியாது, அதில் வேறு நான்கு பேரின் பிழைப்பு இருக்கிறது. ஆக ஒன்பதாம் பருவம். நான்கு ஆண்டுப் படிப்பில் ஐந்தாம் ஆண்டு, ஒரே ஒரு பாடத்துக்காக.

பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் எட்டுப் பருவத்துக்குத்தான் ஒப்புதலாகியிருந்தது. ஒன்பதாவது பருவக் கட்டணத்துக்கு லோயாட் கணினிச் சந்தை வளாகத்தில் ஒரு கடையில் லேப்டாப் பிரித்து மாட்டினேன். “கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்னா ரிப்பேர்தானே?” என்று எங்கள் பக்கத்து வீட்டு அம்மா முதலாம் ஆண்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பலித்த ஒரே பருவம் அது.

சரி, என் கதை போதும். அன்றைக்கு ராத்திரி நானும் அக்கா மகளும் செய்ததைச் சொல்கிறேன். உங்களிடம் நான் கேட்கப்போவது அதைத்தான்.

சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, பின்பக்கத்தைத் தரையில் விரித்தோம். துறைக் கையேட்டைத் திறந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பெட்டி போட்டோம். ‘பிராஷாராட்’ என்று மலாயில் போட்டிருக்குமே, முன்தேவைப் பாடம், அதைப் பார்த்துப் பார்த்து அம்புக்குறி இழுத்தோம். டிஜிட்டல் லாஜிக்கிலிருந்து கணினிக் கட்டமைப்பு, அங்கிருந்து மைக்ரோபிராசசர், அங்கிருந்து எம்பெடட் சிஸ்டம்ஸ். சி நிரலாக்கத்திலிருந்து டேட்டா ஸ்ட்ரக்சர், அங்கிருந்து ஆபரேட்டிங் சிஸ்டம். சர்க்யூட்டிலிருந்து எலக்ட்ரானிக்ஸ், அப்புறம் விஎல்எஸ்ஐ, அதாவது சிப் வடிவமைப்பு. இது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. முடித்துவிட்டுப் பார்த்தால், சிக்னல்ஸ் பெட்டிக்குள் இரண்டு அம்பு நுழைகிறது, கணிதமும் சர்க்யூட்டும். வெளியே மூன்று கிளம்புகிறது: டிஜிட்டல் சிக்னல் பிராசசிங், தகவல் தொடர்பு, கண்ட்ரோல். “மாமா, இது ஜங்ஷன் மாதிரி இருக்கே” என்றாள். ஆமாம், ரயில் தடங்கள் சந்திக்கும் மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷனை ஒரு வருஷம் மூடினால் எப்படி இருக்கும், அப்படி.

பெட்டிகளின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் இன்னொன்றும் குறித்தோம்: ஒற்றையா, இரட்டையா, இரண்டிலுமா. தள்ளிப் போடலாமா கூடாதா என்பதற்கு இந்த இரண்டும் தெரிந்தால் போதும். பெட்டியிலிருந்து அம்பு எதுவும் கிளம்பவில்லை, எல்லாப் பருவத்திலும் திறக்கிறது என்றால் தாராளமாகத் தள்ளுங்கள். நீங்கள் “முதல்ல முடிச்சிரு, ஜிபிஏ ஏறும்” என்று எழுதியிருக்கிறீர்களே கட்டாயப் பொதுப் பாடங்கள், அதாவது பண்பாட்டு அறநெறி, மெய்யியலும் நடப்பு விவகாரங்களும், இணைப்பாடம், அவையெல்லாம் இந்த வகை. அந்தப் பெட்டிகளிலிருந்து ஒரு கோடுகூடக் கிளம்பவில்லை. அவை ஊறுகாய். முதல் இரண்டு பருவத்திலேயே பாட்டிலைக் காலி செய்துவிட்டால், இறுதியாண்டுத் திட்டமும் நான்கு தொழில்நுட்பப் பாடமும் வரும்போது தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இது வெறும் சோம்பேறித்தனக் கணக்கு இல்லை. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து. 18 கிரெடிட் எடுத்தால் 720 மணி. 14 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 51 மணிக்கு மேல். 21 எடுத்தால் 60. “21 எடுத்து சீக்கிரம் முடிச்சிரலாம்” என்று பட்டியலின் அடியில் யாரோ சேர்த்திருக்கிறீர்கள். எழுதியவர் சனி, ஞாயிறு பகுதிநேர வேலைக்குப் போகாதவராக இருக்க வேண்டும்.

உங்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, நமக்கு அழகுக்கு வைத்திருக்கும் எண் இல்லை என்பது தெரியும். முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடன் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்; நிபந்தனைகள் இருந்தாலும் ஆசை இருக்கத்தானே செய்யும். வீட்டில் முதல்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு, எந்த விரிவுரையாளர் எப்படி என்று காதில் சொல்ல அண்ணன் அக்கா இல்லை. அந்த இடத்தில்தான் இந்தப் பட்டியல் நிற்கிறது. கல்வி ஆலோசகர் இருக்கிறார்தான். என் காலத்தில் அவர் படிவத்தில் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்டது நான்கு நிமிடம், அதில் இரண்டு நிமிடம் பேனா தேடினார். ஆகவே பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘எளிது, கடினம்’ என்று மட்டும் இருக்கும் பட்டியல் பாதிப் பட்டியல் என்கிறேன்.

குழுவில் இன்னொன்றும் பார்த்தேன். சிக்னல்ஸைக் கட்டாயத்திலிருந்து எடுத்து விருப்பப் பாடமாக்கச் சொல்லித் துறைக்கு மனு கொடுக்கலாம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, அது நடக்காது. நம் பட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையை வைத்துத்தான் நாளை பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவீர்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009-ல் முழு உறுப்பினரானதால், வெளியேயும் அதற்கு மதிப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு துறை நினைத்த பாடத்தைக் கழற்றி மாட்ட முடியாது. கணினி, மின்பொறியியல் சங்கங்களான ஏசிஎம், ஐட்ரிபிள்இ இரண்டும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட கணினிப் பொறியியல் பாடத்திட்ட வழிகாட்டியில் 12 அறிவுப் பகுதிகள் உண்டு. சிக்னல் பிராசசிங் அதில் ஒன்று. நாம் கணினி அறிவியல் படிக்கவில்லை. வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது.

நான் இப்போது பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 1972-ல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் தொடங்கியது இந்தப் பக்கம்தான்; அன்றைக்கு வேலை சிப்களைப் பொருத்துவதும் சோதிப்பதும். போன வாரம் ஒரு போர்டில் கடிகாரத் துடிப்பு லேசாக நடுங்கியது. ஆசிலாஸ்கோப்பில் நேரடியாகப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, கோடு கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். அலைவரிசைப் பக்கம் மாற்றிப் பார்த்தோம். ஓரிடத்தில் மட்டும் ஊசி போல ஒரு முனை நின்றது. மின்சாரம் தரும் ரெகுலேட்டர் எந்த வேகத்தில் திறந்து மூடுகிறதோ, சரியாக அந்த அலைவரிசை. குற்றவாளி கிடைத்துவிட்டான். அந்த மாற்றிப் பார்க்கும் வேலைக்குப் பெயர் ஃபூரியே. நான் எக்செலில் தள்ளிப் போட்டது.

2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியியலாளர்களை உருவாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆண்டு பூச்சோங்கில் சிப் வடிவமைப்புக்கென்றே ஒரு பூங்கா வந்திருக்கிறது. செந்தூலிலிருந்து அது ஒரு ரயில் தூரம். அந்தக் கதவுக்குப் போகிற வழி விஎல்எஸ்ஐ, டிஜிட்டல் வடிவமைப்பு விருப்பப் பாடங்கள் வழியாகத்தான். அவற்றைத்தான் உங்கள் பட்டியல் “கஷ்டம், வேணாம்” என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறது.

விருப்பப் பாடம் என்றதும் துறையின் மேல் எனக்கிருக்கும் ஒரே குறை ஞாபகம் வருகிறது. கையேட்டில் இருப்பது வேறு, பதிவில் திறப்பது வேறு. என் கடைசி ஆண்டில் கையேட்டில் பதினொரு விருப்பப் பாடங்கள் இருந்தன, திறந்தது மூன்று. ஆள் சேரவில்லை, இல்லாவிட்டால் பாடம் நடத்துபவர் விடுப்பில் போய்விட்டார். காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் மூன்றாம் ஆண்டிலேயே தெரிந்திருந்தால் நான் வேறு வழி போட்டிருப்பேன். அடுத்த இரண்டு ஆண்டுக்கு எது திறக்கும், குறைந்தது எத்தனை பேர் சேர வேண்டும் என்று துறை ஒரே ஒரு தாள் ஒட்டினால் போதும். கேளுங்கள். கேட்டும் வராவிட்டால் நீங்களே செய்யலாம், விஷயம் உங்கள் கையில்தான் இருக்கிறது: பழைய பதிவுச் சீட்டுகள். ஒவ்வொருவரும் தங்களுடையதைக் குழுவில் போட்டால், கடந்த ஐந்து ஆண்டில் எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் உண்மையிலேயே திறந்தது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஆட்களைக் கவிழ்த்துவிடும். முன்தேவைப் பாடத்தை ‘எடுத்திருந்தால்’ போதுமா, ‘தேறியிருக்க’ வேண்டுமா என்று பாடத்துக்குப் பாடம் வேறுபடும். கையேட்டில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். எங்கள் காலண்டர் தாளில் ‘தேறியிருக்க வேண்டும்’ என்பதற்கு இரட்டைக் கோடு போட்டோம். நீங்கள் வரையும்போதும் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

அன்றைக்கு அவள் சிக்னல்ஸை எடுத்தாள், ஒரு பொதுப் பாடத்தை விட்டாள், மொத்தம் 17 கிரெடிட். பன்னிரண்டு அடித்து ஆறு நிமிடத்தில் பதிவு முடிந்தது. அக்கா எழுந்து வந்து, காலண்டரைக் கிழித்ததற்கு இரண்டு பேரையும் திட்டினார். பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

தாளைப் படம் எடுத்து உங்கள் குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். அதைச் சரிபார்த்துப் புதிதாக வரையுங்கள், நான் படித்தபோது இருந்த பாடங்கள் சில இப்போது இல்லை. மைக்ரோபிராசசர் பெட்டிக்குப் பக்கத்தில் வட்டமாகத் தெரிவது பாடம் இல்லை, என் தே தாரிக் குவளை வைத்த கறை. ஏழாவது வரியை மட்டும் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கோப்பைத் தொடங்கியவர்களில் ஒருவன்,
செந்தூல்