மினிக்காய் கிளம்புமுன்

கடலூர்

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். ஓவிய மாஸ்டர் உன்னை விசாரித்தார், பிரஷ்ஷையும் விசாரித்தார். லட்சத்தீவில் இருக்கிற மினிக்காய்த் தீவுக்குப் போய் வரைய அனுமதி கிடைத்துவிட்டதாமே, கொடுத்துவைத்தவன்டா நீ. ஆனால் வாட்டர்கலர் பெட்டியில் டர்க்காய்ஸ் என்கிற பச்சைநீல டியூப் இரண்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

நம் கண் இங்கே தேவனாம்பட்டினம் கடற்கரையில் பழகியது. கெடிலமும் பெண்ணையாறும் வண்டலைக் கொண்டுவந்து தள்ளுவதால் எந்த நீலத்திலும் கொஞ்சம் ரா சியன்னா என்கிற மண்மஞ்சள் கலந்தே நமக்குக் கை வந்துவிட்டது. மினிக்காயில் ஆறே கிடையாது, வண்டலும் இல்லை. வெள்ளை மணலுக்கு மேல் எத்தனை ஆழம் தண்ணீர் நிற்கிறதோ, அதுதான் நிறம். தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கும், ஆழம் கூடக்கூட மஞ்சளும் பச்சையும் போகும், கடைசியில் மிஞ்சுவது நீலம். கரையோரம் ஏறக்குறைய வெறும் காகிதமே போதும். இடுப்பளவு நீருக்குத் தாலோ கிரீன் என்கிற நீலம் பாய்ந்த பச்சை ஒரு துளி, லெமன் யெல்லோ அதிலும் பாதி, மீதியெல்லாம் தண்ணீர். இன்னும் உள்ளே போனால் கோபால்ட் புளூ சேர்த்துக்கொள். பவளத் திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா. திட்டின் விளிம்பில் அலை உடைகிற கோட்டைத் தொடாமல் விடு. அதைத் தாண்டினால் தரை செங்குத்தாக இறங்குகிறது, அதனால் சட்டென்று அடர்நீல அல்ட்ராமரைன். அந்த இடத்தில் நிறத்தை இழைத்துவிடாதே, வெட்டினாற்போல் மாறவேண்டும். நீர் வற்றினால் எல்லாமே இடம் மாறிவிடும், ஓரத்தில் நேரத்தைக் குறித்துவை.

தீவு முழுக்கத் தட்டை. கரையில் உட்கார்ந்து பார்த்தால் இத்தனை நிறமும் நூல் நூலாக நசுங்கி, மேலே தென்னை ஒரு விரற்கடை உயரத்துக்குத் தெரியும், அவ்வளவுதான். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஏற விட்டால் மேலிருந்து வரை, அப்போதுதான் ஒவ்வொரு நிறமும் தனி உருவமாகப் பிரியும்.

வெயிலில் காகிதத்தை வைத்து வேலை செய்யாதே. கண் கூசி எல்லாவற்றையும் அழுத்திப் போட்டுவிடுவாய், அறைக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். வெள்ளைக் குடை எடுத்துக்கொள். கலர் குடை தன் நிறத்தைக் காகிதத்தில் இறக்கிவிடும். மணலில் விழும் தென்னை நிழலில் வானத்தின் நீலம் இருக்கும். மட்டையின் அடிப்பக்கத்திலோ மணல் வெளிச்சம் பட்டு இளமஞ்சள். இதை மட்டும் பிடித்துவிட்டாயானால் உன் படத்தில் வெயில் அடிக்கும்.

காகிதம் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள காட்டன், தாள்களை அடுக்கி நாலு பக்கமும் ஒட்டிய பிளாக்காகவே வாங்கு. ஈரக்காற்றில் டேப் பிடிக்காது. காகிதத்துக்குப் பூசிய பசை கெட்டால் அங்கங்கே மையொற்றும் தாள் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் போட்டு வை. கடல் தண்ணீரில் வண்ணம் கரைக்காதே, உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. பிரஷ் கழுவிய தண்ணீரை மணலில் ஊற்றாதே. பவளத் தீவில் குடிநீர் என்பது சில அடி கீழே உப்புநீரின் மேல் மிதக்கிற மெல்லிய படலம்தான். மேலே கொட்டியது நேரே அவர்கள் கிணற்றுக்குப் போகும். கோபால்ட், காட்மியம் எல்லாம் அந்த ஜனங்கள் குடிக்கிற தண்ணீரில் சேரலாமா? மூடி போட்ட பாட்டிலில் ஊற்றித் திரும்பக் கொண்டுவந்துவிடு.

என்னிடம் 11க்கு 15 அங்குல பிளாக் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. பாபு சனிக்கிழமை பாண்டி வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி