மின்சார ரயிலில் சிவன் கண் சொல்லித் தந்த அக்காவுக்கு

தாம்பரம் போகும் மின்சார ரயிலில், மகளிர் பெட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இந்தப் பதிவு எப்படியாவது போய்ச் சேர வேண்டும். ஒயர் கூடை பின்னுவது எனக்கு உயிர், ஆனால் ஆச்சி போன பிறகு வீட்டில் யாருக்கும் தெரியாது, கல்லூரியில் அதைப் பற்றிப் பேசக்கூட ஆள் இல்லை. சாதா முடிச்சு வரும். சிவன் கண் என்கிற பின்னல் மட்டும் எத்தனை வீடியோ பார்த்தாலும் எந்த ஒயர் மேலே, எது கீழே என்று பிடிபடவே இல்லை.

நான் கேட்கவே இல்லை அக்கா. நீங்களாகவே என் மடியிலிருந்த கூடையை வாங்கி, ஒயர்களை விரலிடுக்கில் பிரித்துப் பிடித்து மெதுவாக ஒரு கண் போட்டுக் காட்டினீர்கள், அப்புறம் அதைப் பிரித்து என்னையே போடச் சொன்னீர்கள், நான் இழுத்து முடிக்கும்வரை குறுக்கே கையை நீட்டவில்லை. அந்தப் பொறுமையை ஆச்சியிடம்தான் பார்த்திருக்கிறேன். குரோம்பேட்டையில் இறங்கும் அவசரத்திலும் பாரிமுனையில் ஒயர் வாங்கும் கடையைச் சொல்லி, "அங்க வர்றவங்ககிட்ட பேச்சுக் கொடு கண்ணு" என்றீர்கள். கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து பின்னுகிறோம், என் வயதுப் பெண்களும் வருகிறார்கள், நெல்லிக்காய் முடிச்சும் கற்றுக்கொண்டேன்.

ரொம்ப நன்றி அக்கா. உங்களுக்காகவே ஒரு சிவன் கண் கூடை பின்னி வைத்திருக்கிறேன், எங்கே கொண்டுவந்து தரட்டும்?