அக்காவும் தம்பியும் இருந்தால் அதுவும் குடும்பம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை கிடைத்ததும் பிள்ளைகள் பெற்றோரை விட்டுத் தனியாகப் போய்விடுகிறார்கள், குடும்பமே சிதறுகிறது என்று வருத்தப்பட்டுச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நாங்கள் கூடுவாஞ்சேரியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இங்கே நான் தினமும் பார்ப்பது வேறு மாதிரி இருப்பதால் இந்தக் கடிதம்.

பரனூர் மகிந்திரா சிட்டிக்கு மின்சார ரயிலிலும், ஒரகடம், சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸிலும் போகிற இளைஞர்கள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அப்பா அம்மாவைப் பிடிக்காமல் வந்தவர்கள் இல்லை. வேலை இங்கே இருக்கிறது, நிலமும் மாடும் ஊரில் இருக்கிறது. முதலில் அக்கா வருவாள். பேயிங் கெஸ்ட் விடுதியில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பாள். தம்பிக்கு இந்தப் பக்கம் காலேஜில் இடம் கிடைத்ததும் சின்னதாக ஒரு வீடு பார்ப்பாள். அப்புறம் சித்தி மகன் வேலை தேடி வந்து கூடத்தில் பாய் விரிப்பான். அறுப்பு முடிந்ததும் அம்மா அரிசி மூட்டையோடு வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவார். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கு ஊருக்குப் போய்விடும், நகைக் கடன் வட்டிக்கும் தாத்தாவின் மருந்துக்கும். இதைக் குடும்பம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் வீடு தேடிப் போனால் இவர்களுக்கு ஒரே பெயர், பேச்சிலர்ஸ். கேட்டில் 'பேமிலிக்கு மட்டும்' என்று எழுதித் தொங்குகிறது. எங்கள் மாடியில் இருப்பதும் ஒரு அக்கா தம்பிதான். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு வீட்டில், "கூடப் பிறந்தவன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டு ரேஷன் கார்டைக் காட்டச் சொன்னார்களாம். இன்னொரு இடத்தில், அம்மாவாவது நிரந்தரமாகக் கூட இருந்தால் தருகிறோம் என்றார்களாம். அந்தப் பெண் இதைச் சொன்னபோது எனக்கு மனசு கொதித்தது. ஒரு இருபத்து நான்கு வயதுப் பெண் தம்பியைப் படிக்கவைத்துக்கொண்டு வீட்டையும் நடத்துகிறாள், அவளை நிற்கவைத்துக் கேட்கிற கேள்வியா இது?

அப்புறம் அட்வான்ஸ். 9,000 ரூபாய் வாடகை என்றால் பத்து மாதம், 90,000 ரூபாய் முன்னால் வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள் எங்கே போவார்கள்? ஊரில் அம்மாவின் சங்கிலிதான் அடகுக்குப் போகிறது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று அதிலும் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

1960-ம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருந்தது. யாரும் மதிக்கவில்லை, சரி. அதற்குப் பதிலாக 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை மூன்று மாதமாக்கியது. ஆனால் 11-வது பிரிவு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்று. அந்த ஒரு வரி போதும். பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர்கள் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தாம்பரத்திலும் எங்கள் கூடுவாஞ்சேரியிலும் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தோழி விடுதி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் விடுதியில் அக்காவுக்குக் கட்டில் கிடைக்கும், தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது. ஊரிலிருந்து வரும் அம்மாவுக்குச் சோறு ஆக்கிப் போட அடுப்பு இருக்காது. இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரு வீடு.

வாடகைக்கு விடுகிற என் போன்றவர்களுக்குப் பயம் இருப்பது தெரியும். ராத்திரி சத்தம், முன்பின் தெரியாத ஆட்கள் வந்து போவது, வாடகை பாக்கி. குடும்பம் என்று சொல்லி வருகிறவர்களிடமும் இதெல்லாம் உண்டு. ஆதார் நகல் வாங்குங்கள், ஊரில் இருக்கும் பெற்றோரிடம் போனில் ஒரு வார்த்தை பேசுங்கள், ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். நாங்கள் இப்படித்தான் செய்தோம். மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்கினோம். எந்தத் தொந்தரவும் இல்லை.

11-வது பிரிவில் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று அரசுக்கு மனு அனுப்பும்படி எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். அடுத்து இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரை இந்தப் பக்கம் அனுப்பி, வீடு தேடி அலைகிற பிள்ளைகளிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடுவாஞ்சேரி